இரண்டாம் கொட்டில் கயிறும் மூன்று சோதனைகளும்

விடுநர்:
உரிமையாளர்,
பன்றி வளர்ப்புப் பண்ணை (பதிவு எண் 118),
கால்வாய்க் கரைச் சாலை,
தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இடப்பக்கம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கால்நடை நலத் துறை,
தலைமை அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: பன்றிகளுக்கான ஃப்ளூ காய்ச்சல் சோதனை முடிவுகள் – நான் அளித்த புகாரின் விளைவாகக் கள உதவியாளர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டது – வரும் 18ஆம் தேதி நடக்கவுள்ள பணிநீக்க விசாரணையில் இம்மனுவைச் சேர்த்துக்கொண்டு, அவரை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது முந்தைய புகார் மனு. 2. வட்டார ஆய்வகத்தின் சோதனை ஒப்பீட்டு அறிக்கை. 3. கள உதவியாளருக்கு வழங்கப்பட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணை (நகல்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் துறை மீது எனக்கு மனக்குறை ஏதும் இல்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன். இந்தப் பண்ணையை நடத்தும் பதினோரு ஆண்டுகளில் பல்வேறு அலுவலகங்களுக்கு ஒன்பது மனுக்கள் எழுதியுள்ளேன். எட்டுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது. அந்தச் சீட்டுகளைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். காகிதம் நல்ல தரமானது. ஒன்பதாவது மனு தங்களுக்கு எழுதியது. அதன் மீது மட்டும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்த நடவடிக்கையை நிறுத்தக் கோருவதே இந்தப் பத்தாவது மனுவின் நோக்கம். நடவடிக்கை எடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் புகார் செய்வது தங்கள் அலுவலகத்தில் வழக்கமில்லை என்பதை அறிவேன். எந்தக் கோப்பில் சேர்ப்பது என்ற சிரமம் எழுந்தால் முன்கூட்டியே வருந்துகிறேன்.

2. பண்ணையில் நான்கு கொட்டில்கள், அறுபத்திரண்டு பன்றிகள். இம்மனுவை எழுதும் இந்நேரத்தில் அறுபத்திரண்டும் வயிறு நிறைந்து உறங்குகின்றன. நானும் என் கணவரும் நலம். இவற்றைச் சொல்வதற்குக் காரணம், இம்மனு துன்பத்தில் எழுதப்பட்டதன்று என்பதைத் தாங்கள் அறியவேண்டும் என்பதே. துன்பப்படுகிறவர் வேறொருவர்.

3. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தங்கள் துறை எங்கள் பன்றிகளுக்கு ஃப்ளூ இருக்கிறதா என்று பார்க்கும். முன்பெல்லாம் ஒவ்வொரு பன்றியையும் பிடித்து மூக்குக்குள் பஞ்சுக் குச்சியை விடுவார்கள். பன்றிக்கு அதில் உடன்பாடு கிடையாது. அதைத் தெரிவிக்கும் முறையில் அது மனு எழுதுவதும் கிடையாது. இப்போது ஒவ்வொரு கொட்டிலிலும் ஒரு பருத்திக் கயிற்றைத் தொங்கவிடுகிறார்கள். பன்றிகள் தாமாகவே வந்து அரைமணி நேரம் மெல்லும். பிறகு கயிற்றின் நனைந்த பகுதியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பிழிந்தால், கொட்டிலில் உள்ள எல்லாருடைய எச்சிலும் ஒரே குழாயில் சேர்ந்துவிடும். பிடிப்பதும் இல்லை, கத்துவதும் இல்லை. அரசுத் திட்டங்களில் பயனாளிகள் இவ்வளவு ஆர்வமாகக் கலந்துகொள்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

4. இந்தக் கயிற்றைக் கட்டுகிறவர்தான் இம்மனுவுக்கு உரியவரான கள உதவியாளர். பதினெட்டு ஆண்டுகள் பணி. வயது நாற்பத்தேழு. பெயர் தங்கள் கோப்பில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அவர் கயிற்றுத் தம்பி. அவருடைய பைக் சத்தம் சாலையில் கேட்டாலே பன்றிகள் தடுப்புக் கம்பிக்கு வந்து நின்றுவிடும். நான் தீவன வாளியோடு வரும்போது காட்டாத மரியாதை அது. அது குறித்து எனக்குப் புகார் இல்லை.

5. சம்பவம் நடந்த திங்கட்கிழமை அவர் நான்கு கயிறுகளைக் கட்டினார். பிழிந்த நீரில் ஒரு சொட்டைப் பட்டைச் சோதனையில் விட்டுப் பார்த்தார். நான்கிலும் ஒற்றைக் கோடு, நோய் இல்லை. மீதியை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். புதன்கிழமை பிசிஆர் முடிவு வந்தது: இரண்டாம் கொட்டிலில் நோய் உண்டு. அன்று மாலையே பண்ணை வாசலில் நடமாட்டத் தடை அறிவிப்பு ஒட்டப்பட்டது. வியாழக்கிழமை கால்நடை மருத்துவர் வந்து இரத்தம் எடுத்துச் சென்றார். வெள்ளிக்கிழமை அதன் முடிவு: நோய் வந்ததற்கான தடயமே இல்லை. ஒரே வாரத்தில் இல்லை, உண்டு, இல்லை என்று மூன்று தாள்கள் வந்தன. மூன்றிலும் ஒரே முத்திரை. அறிவிப்பு மட்டும் வாசலில் அப்படியே இருந்தது. பசை நல்ல பசை.

6. ஆகவே ஒன்பதாவது மனுவை எழுதினேன். மூன்றில் எது சரி, சரியில்லாத மற்ற இரண்டை எதற்காகச் செய்கிறீர்கள் என்பது அதன் சாரம். என் கணவர் அதைப் படித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கே. ஒன்பதாவது சீட்டுக்கு கோப்புல இடம் இருக்கா பாத்துக்கோ” என்றார். நாங்கள் இருவருமே தங்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம். ஆறாம் நாளே ஆய்வகத்தின் பெண் அதிகாரி பண்ணைக்கு வந்துவிட்டார்.

7. அவர் வயதில் இளையவர். மேசை இல்லாத இடத்திலும் மேசைக்குப் பின்னால் இருப்பதுபோல் பேசக்கூடியவர். தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். “மூணு சோதனையும் சரிதாம்மா. மூணுகிட்டயும் நீங்க ஒரே கேள்வியக் கேட்டதா நெனச்சுட்டு இருக்கீங்க. அது இல்ல.” அவர் சொன்னதிலிருந்து நான் விளங்கிக்கொண்டதைக் கீழே தருகிறேன். பிழை இருந்தால் என்னுடையது.

பட்டைச் சோதனையிடம் நாம் கேட்பது, கிருமி கூட்டமாக இருக்கிறதா என்பது. கால்மணி நேரத்தில் பதில் சொல்லும். ஊர்வலம் போனால் பார்த்துவிடும். ஒற்றை ஆள் ஓரமாக நடந்துபோனால் கவனிக்காது. பிசிஆர் சோதனையிடம் கேட்பது, துளியாவது இருக்கிறதா என்பது. கிருமியின் மரபணுத் துணுக்கு ஒன்று கிடைத்தாலும் அதைத் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்துவிடும். அது உயிரோடு இருக்கும் கிருமியா, எங்கிருந்து வந்தது என்றெல்லாம் அது கேட்பதில்லை. ஒரு பந்திக்கே சாப்பாடு போட்ட வீட்டில் ஒரு தலைமுடியைக் கண்டெடுத்துக் காட்டுகிற உறவினரைப் போன்றது. முடி இருந்தது உண்மை, யாருடையது என்பது அதன் அக்கறை அல்ல. மூன்றாவதான இரத்தச் சோதனை கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமியோடு சண்டை போட்ட அடையாளம் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்த அடையாளம் தோன்ற ஒன்றிரண்டு வாரம் ஆகும். எனவே அது ஓய்வுபெற்ற அதிகாரியைப் போல முன்பு நடந்ததைப் பற்றி மட்டும் பேசும். இன்றைய நிலவரம் கேட்டால் மௌனம்.

8. இந்த விளக்கம் எனக்கு முழுத் திருப்தி அளித்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அதிகாரி கடமை தவறாதவர். இரண்டாம் கொட்டிலின் பதினாறு பன்றிகளுக்கும் தனித்தனியாக மூக்குமாதிரி எடுக்கச் செய்தார். கயிற்றுத் தம்பிதான் எடுத்தார். பதினாறும் பிசிஆரில் இல்லை என்றே வந்தன. மூன்று வாரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். அதிலும் இல்லை. பன்றிகளுக்கு நோய் வரவே இல்லை. அவை மென்ற கயிற்றுக்கு மட்டும் வந்திருக்கிறது. ஆய்வகத்தில் மீதமிருந்த கயிற்று நீரை வகை பிரித்துப் பார்த்ததில், அது அந்த மாதம் மனிதர்களிடையே சுற்றிக்கொண்டிருந்த காய்ச்சல் என்று தெரிந்தது.

9. இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டியுள்ளது. மூக்குமாதிரி எடுத்த அன்று, அதிகாரி இரண்டாம் கொட்டிலின் கம்பியைப் பார்த்து, “இதுல கயிறு எப்படி நிக்குது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மற்ற மூன்று கொட்டில்களில் கொக்கி உண்டு. இரண்டாவதில் என் கணவர் பொருத்திய வழவழப்பான இரும்புக் குழாய்தான் இருக்கிறது. கயிற்றுத் தம்பி ஒரு கையால் குழாயைப் பிடித்து, மறு கையால் கயிற்றைச் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சை இறுக்கிக் காட்டினார். கயிற்று முறை வந்த நாளிலிருந்து அந்தக் கொட்டிலில் அப்படித்தான் இறுக்குகிறார். காட்டி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டார். பல்லிடுக்கில் கயிறு இருந்தது. இருமல் இன்னும் விடாத நேரம். அதிகாரி அவரைப் பார்த்தார். அவர் அதிகாரியைப் பார்த்தார். பிறகு கயிற்றை எடுத்துவிட்டு, “மேடம், எனக்கும் ஒரு குச்சி குடுங்க” என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. சும்மா இருந்திருந்தால் இன்றுவரை சும்மா இருந்திருக்கலாம்.

10. அவருடைய மாதிரியும் கயிற்று மாதிரியும் ஒரே வகை என்று உறுதியாயிற்று. சோதனை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நோயாளியை மட்டும் நாம் மாற்றிப் புரிந்துகொண்டோம். தடை நீக்கப்பட்டது. வேறொரு பண்ணைக்குப் போகவேண்டிய பதினான்கு குட்டிகள் லாரியேறிப் போய்ச் சேர்ந்து, நன்றாக வளர்வதாகத் தகவலும் வந்தது. அதாவது என் புகார் நூற்றுக்கு நூறு தீர்ந்தது. மறுவாரம் கயிற்றுத் தம்பிக்கு மூன்று குற்றச்சாட்டுகளுடன் குறிப்பாணை வந்தது. அதன் முதல் வரியே “பண்ணை எண் 118-இன் உரிமையாளர் அளித்த புகாரின் அடிப்படையில்” என்று தொடங்குகிறது. அதை என்னிடம் காட்டியபோது அவர் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. “நல்ல தமிழ்ல எழுதியிருக்காங்கக்கா” என்றார். மூன்று குற்றச்சாட்டுகளைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

11. முதல் குற்றச்சாட்டு: மாதிரி சேகரிப்புக் கையேட்டுக்கு மாறாகப் பல்லைப் பயன்படுத்தியது. உண்மை. கையேட்டை நானும் வாங்கிப் படித்தேன். “கயிற்றை உறுதியாகக் கட்டவும்” என்று இருக்கிறது. அதை எழுதியவருக்கு மூன்று கைகள் இருந்திருக்கலாம், அல்லது அவர் பார்த்த கொட்டில்களில் கொக்கி இருந்திருக்கலாம். இடைநீக்கத்துக்குப் பிறகு வந்த மாற்று உதவியாளர் கையுறை அணிந்து, பல்லை மூடிக்கொண்டு, கையேட்டின்படியே கட்டினார். முதல் முறை பன்றிகள் கயிற்றை இரண்டு நிமிடத்தில் அவிழ்த்துக் கொட்டிலின் மூலைக்கு இழுத்துச் சென்றன. இரண்டாம் முறை நாங்கள் தலைவி என்று அழைக்கும் தாய்ப்பன்றி அதன் மேல் படுத்துக்கொண்டது. எழுப்ப எவருக்கும் துணிவில்லை. இரண்டு முறையும் அறிக்கையில் “இரண்டாம் கொட்டில்: நோய் கண்டறியப்படவில்லை” என்று பதிவாகியுள்ளது. கயிறே கண்டறியப்படவில்லை என்பது கூடுதல் தகவல்.

கயிற்றுத் தம்பி இப்போதும் மாலையில் வருகிறார். உள்ளே வருவதில்லை, மதிலுக்கு வெளியே நின்று பன்றிகளைப் பார்த்துவிட்டுப் போகிறார். கடந்த முறை மாற்று உதவியாளர் திண்டாடியபோது மதிலுக்கு அப்பாலிருந்தே, “தம்பி, ரெண்டு சுத்து சுத்தி உள்ளாற விடுங்க, மேல இல்ல, உள்ளாற” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து காட்டலாமே என்று என் கணவர் கூப்பிட்டதற்கு, “கயிற நான் தொடக் கூடாதுண்ணே, ஆர்டர் இருக்கு” என்றார். தங்கள் ஆணை அந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். குழாயை என் கணவர் கழற்றிவிட்டு அங்கும் கொக்கி பொருத்திவிட்டார். இனி அந்தக் கொட்டிலில் எவருடைய பல்லுக்கும் வேலை இல்லை.

12. இரண்டாம் குற்றச்சாட்டு: பன்றிக்கான படிவத்தில் தன் மாதிரியைச் சமர்ப்பித்து ஆய்வகத்தைத் தவறாக வழிநடத்தியது. படிவ நகலைப் பார்த்தேன். கால்நடை ஆய்வகத்தில் மனிதருக்குப் படிவம் இல்லை. படிவம் இல்லாமல் மாதிரியை வாங்கினால் அதிகாரி மீது நடவடிக்கை வரும். ஆகவே இருந்த படிவத்தை அவர் நேர்மையாக நிரப்பியிருக்கிறார். பாலினம்: ஆண். வயது (மாதங்களில்): 564. எடை: 71 கிலோ. இனம்: நாட்டு இனம். காதுவில்லை எண் என்ற இடத்தில் தன் பணியாளர் எண். தீவனம்: வீட்டுச் சாப்பாடு. நோய் அறிகுறிகள்: சோர்வு, இருமல், பசியின்மை. குறிப்பு என்ற இடத்தில், “மேற்படி விலங்கு நான்தான்” என்று எழுதிக் கையொப்பமும் இட்டுள்ளார். தவறாக வழிநடத்த நினைப்பவர் இந்த வரியை எழுதியிருக்க மாட்டார் என்பது என் தாழ்மையான கருத்து.

இதனால் விளைந்த ஒரே சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கள் கணினிப் பதிவேட்டில் என் பண்ணையில் இப்போது அறுபத்து மூன்று பன்றிகள். அறுபத்து மூன்றாவது நலமா என்று மாதந்தோறும் குறுஞ்செய்தி வருகிறது. நலம் என்றே பதில் அனுப்புகிறேன். கடந்த மாதம் எடை கேட்டிருந்தார்கள். அவரிடமே கேட்டு, இரண்டு கிலோ குறைந்துவிட்டதை அனுப்பினேன். தீவனத்தை மாற்றிப் பார்க்கும்படி அறிவுரை வந்துள்ளது.

13. மூன்றாம் குற்றச்சாட்டுதான் அவருடைய வேலையைப் பறிக்கக் கூடியது: தனக்குக் காய்ச்சல் இருப்பதை மறைத்துப் பண்ணைக்குள் நுழைந்தது. மற்ற இரண்டுக்கும் எச்சரிக்கையோடு முடிந்துவிடும், இதற்குப் பணிநீக்கம் என்று விசாரணை அலுவலகத்தில் சொன்னார்களாம். இந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக இணைக்கப்பட்டிருப்பது ஒரே ஒரு தாள். அது மாதிரி எடுக்கும் நாளில் பண்ணை உரிமையாளர் நிரப்பித் தரும் உறுதிமொழி. “இன்று பண்ணைக்குள் வந்தவர்களில் எவருக்கேனும் காய்ச்சல் அல்லது இருமல் உண்டா?” என்ற கேள்விக்கு எதிரே “இல்லை” என்று எழுதப்பட்டிருக்கிறது. உரிமையாளருக்குத் தெரியாத அளவுக்கு அவர் மறைத்துவிட்டார் என்பது வாதம். அந்த “இல்லை” என் கையெழுத்து.

14. நடந்ததைச் சொல்கிறேன். அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். “அக்கா, ராத்திரியிலேருந்து உடம்பு கொதிக்குது. புதன்கிழமை வரட்டுமா?” என்று கேட்டார். பதினான்கு குட்டிகளை ஏற்றிச்செல்ல லாரி வியாழக்கிழமைக்குச் சொல்லியாகிவிட்டது. அவர் புதனன்று வந்தால், குட்டிகளை ஏற்றத் தேவையான நோயின்மைச் சான்றிதழ் அதற்குள் தயாராகாது. லாரிக்காரர் கோபக்காரர். நான், “ஏன் தம்பி, கயிறு கட்டத்தானே கூப்பிடறேன், மூட்டையா தூக்கச் சொல்றேன்? வந்து கட்டிட்டுப் போய்ப் படுத்துக்கோ” என்றேன். அவர் பதிலுக்குக் காத்திராமல் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

வந்தார். முகம் சிவந்திருந்தது. வாசலில் நின்று, “உள்ள வரணுமாக்கா?” என்று இன்னொரு முறை கேட்டார். நான் வெந்நீர் கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் இருமுவதைக் காதால் கேட்டுக்கொண்டே, உறுதிமொழியில் “இல்லை” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பேனா நன்றாக எழுதியது. என் கை நடுங்கியதாகவோ மனம் உறுத்தியதாகவோ இங்கே எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். நான் லாரியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அதே கையால், சோதனைகளில் எது பொய் சொல்கிறது என்று கேட்டுத் தங்களுக்குப் புகாரும் எழுதினேன்.

குற்றச்சாட்டுக்கு அவர் அளித்த எழுத்துபூர்வமான விளக்கத்தையும் படித்தேன். அதில் அந்தத் தொலைபேசிப் பேச்சு இல்லை. என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “காய்ச்சல் இருந்தது, வந்தது என் தவறு” என்பதோடு முடித்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “உங்க பண்ணை உரிமத்துல கை வச்சிருவாங்கக்கா. எனக்கென்ன, வேற வேலை பாத்துக்குவேன்” என்றார். வேறு என்ன வேலை என்று கேட்டேன். பன்றிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

15. ஆகவே தாங்கள் கனிவுடன் செய்யவேண்டியவை: கள உதவியாளர் எதையும் மறைக்கவில்லை, இரண்டு முறை சொன்னார், இரண்டு முறையும் என்னிடம் சொன்னார் என்பதை விசாரணையில் பதிவு செய்யவேண்டும். அந்தக் காலை ஏழு மணி அழைப்பு என் தொலைபேசியில் இருக்கிறது. 18ஆம் தேதி தொலைபேசியோடு நானே நேரில் வருகிறேன். மூன்றாம் குற்றச்சாட்டை அவர் பெயரிலிருந்து நீக்கவேண்டும். பொய் உறுதிமொழி அளித்ததற்கு உரிய நடவடிக்கையை, உரிமம் தொடர்பானதாக இருந்தாலும், என் மீது எடுக்கவேண்டும். இந்த ஒரு கோரிக்கைக்கு ஒப்புகைச் சீட்டு மட்டும் போதாது. கடந்த முறை காட்டிய அதே வேகம் இம்முறையும் தேவை.

இணைப்பில் அந்த உறுதிமொழியின் புதிய படிவம் ஒன்று உள்ளது. அதே திங்கட்கிழமையின் தேதியிட்டு, அந்தக் கேள்விக்கு எதிரே “ஆம்” என்று எழுதிக் கையொப்பமிட்டுள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
உரிமையாளர், பண்ணை எண் 118

நாள்: இம்மாதம் 9ஆம் தேதி
இடம்: பண்ணை அலுவலக அறை

இணைப்பு: 1. திருத்திய உறுதிமொழிப் படிவம். 2. அழைப்புப் பதிவின் அச்சுப்படி.

நகல்: கள உதவியாளருக்கு. (அவருக்குத் தெரியாமல் எழுதப்பட்டது, தடுத்துவிடுவார் என்பதால் மனுவை அனுப்பிய பிறகே தரப்படும்.)